யாருக்காக இந்த மைதானம்?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துச் சங்கம் 1,00,000 பேர் அமரும் புதிய மைதானம் கட்டப்போவதாக 2025 மார்ச்சில் அறிவித்தது. செலவு சுமார் 200 கோடி பவுண்டு! அதன் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு கே.ஜி.கண்டிகைக் கடைத்தெருவில் திரியும் நம் வாலிபர்களும் பூரிக்கிறார்கள். பூரிக்கட்டும். யார் பணத்தில், யாருக்காக என்றும் கேட்கட்டும்!

1878இல் இந்தச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்கள் ரயில்வேத் தொழிலாளிகள். 2005இல் அமெரிக்க முதலாளிகளான கிளேசர் குடும்பத்தார் கடன் வாங்கி அதைக் கைப்பற்றினர். கடனைச் சங்கத்தின் தலையிலேயே கட்டினர். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

பணமில்லை என்று 2024இல் சுமார் 250 பேரை ஆட்குறைப்புச் செய்தார்கள். 2025 பிப்ரவரியில் மேலும் 150 முதல் 200 பேர் என்றார்கள். 2024 கடைசியில், அந்தப் பருவத்தின் பாக்கி ஆட்டங்களுக்கு உறுப்பினர் டிக்கெட்டை 66 பவுண்டாக்கி, சிறுவர், முதியோர் சலுகையையும் பறித்தார்கள். சம்பளத்துக்கு இல்லாத பணம் மைதானத்துக்கு எங்கிருந்து வரும்? கடன்தான்! வட்டியை அழப்போகிறவன் ரசிகன்.

“பழைய மைதானத்தின் கூரை ஒழுகுகிறதே” என்பார்கள். ஒழுகவிட்டது யார்? கூரையைக் கவனிக்காமல் லாபப்பங்கை எடுத்துச் சென்றவர்கள்தானே!

மைதானமே கூடாது என்பதல்ல நம் வாதம். கல்கத்தாவில் இடதுசாரி முன்னணி ஆட்சியில் 1984இல் திறக்கப்பட்ட சால்ட் லேக் மைதானம் அரசாங்கச் சொத்து. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அங்கே மோதுகின்றன. எந்த முதலாளியும் அதை அடகு வைக்க முடியாது.

மைதானம் கட்டு, மக்கள் சொத்தாகக் கட்டு! தொழிலாளியின் வயிற்றிலடித்துக் கட்டாதே!