மலிவு மிக்சரும் மேட்டிமைச் செவிகளும்

நம் இலக்கிய வட்டாரத்தில் ஒரு நோய் நெடுநாளாகவே இருந்து வருகிறது. ஒப்பாரி பாடும் மூதாட்டியின் குரலையோ கூத்து வாத்தியாரின் பாடத்தையோ பதிவு செய்து வைக்கலாமே என்று யாரேனும் வாய் திறந்தால் போதும், உடனே மூன்று சாக்குகள் வரிசையில் வந்து நிற்கும். ஸ்டுடியோ அமையட்டும், நல்ல கருவி வரட்டும், நிதி சேரட்டும். இம்மூன்றும் சேர்வதற்குள் மூதாட்டி போய்ச் சேர்ந்துவிடுகிறார். பின்னர் நாம் இரங்கற் கட்டுரை எழுதுகிறோம். அதில் மட்டும் நமக்கு இணை யாருமில்லை.

விலை குறைந்த ஒரு மிக்சரும் ஓர் ஒலிவாங்கியும் ஒரு கணினியும் இருந்தால் வீட்டுக் கூடத்திலேயே இப்பணியைச் செய்யலாம் என்பது என் கட்சி. மிக்சர் என்றவுடன் தேநீர்க் கடையின் கண்ணாடிப் புட்டி நினைவுக்கு வருவோர்க்காக ஒரு விளக்கம்: பல ஒலிவாங்கிகளின் மெல்லிய மின்குறிகளைப் பெருக்கி, ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியே கூட்டிக் குறைத்து, இடம் வலம் என இரண்டு தடங்களாகக் கலந்து தரும் பெட்டி அது. யூஎஸ்பி இணைப்புள்ளதாயின் நேரே கணினியில் செருகிவிடலாம். யமஹா, பெஹ்ரிங்கர் போன்ற நிறுவனங்கள் கையடக்க அளவிலேயே இவற்றைச் செய்து விற்கின்றன.

“மலிவுக் கருவியில் இரைச்சல் மிகும், அது ஆவணத்துக்கு ஆகாது” என்பார் பலர். இதைச் சொல்லாலன்றி எண்ணால் அளந்து பார்ப்போம். 150 ஓம் மின்தடை ஒன்று, அறை வெப்பத்தில், வெறுமனே இருப்பதாலேயே ஏறத்தாழ −131 டிபியு அளவு இரைச்சலை உண்டாக்கும். இது இயற்பியல் விதித்த எல்லை. கோடி ரூபாய் கொட்டினாலும் இதற்குக் கீழே இறங்க முடியாது. யமஹாவின் எம்ஜி வரிசைச் சிறு மிக்சர்களுக்கு அந்நிறுவனம் அறிவித்துள்ள அளவு −128 டிபியு. இயற்கைக்கும் மலிவுப் பெட்டிக்கும் இடையே உள்ள தூரம் வெறும் 3 டெசிபல்!

இப்போது இன்னொரு கணக்கு. ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தொலைவைப் பாதியாக்கினால் குரலின் அளவு சுமார் 6 டெசிபல் உயரும். 60 சென்டிமீட்டரில் இருப்பதை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல் கூடுதல். காசு செலவில்லை, நாற்காலியை நகர்த்தினால் போதும். மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, எதிரொலிக்கும் சுவரில் ஒரு கெட்டிப் போர்வையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் நன்மை இதற்கும் மேல். இவற்றில் ஒன்றையும் செய்யாமல் கருவியின் விலையைப் பற்றி மட்டும் விவாதிப்பவரை, ஏட்டை விரித்துப் பாராமலே பாடபேதம் பேசும் புலவர் என்றுதான் நான் கருதுவேன்.

உலகம் மதிக்கும் சான்று வேண்டுமென்போர்க்கு ஒன்று தருகிறேன். 1982ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜெர்சியில் தாம் குடியிருந்த வீட்டில் அமர்ந்து சில பாடல்களைப் பதிவு செய்தார். கருவி, சிறு மிக்சரையும் நான்கு தட ஒலிநாடாப் பதிவியையும் ஒன்றாக இணைத்த டியாக் போர்ட்டாஸ்டுடியோ 144. ஷூர் எஸ்எம்57 ஒலிவாங்கிகள் இரண்டு. குழுவினருக்குப் பாட்டைக் காட்டுவதற்கான முன்மாதிரியாகவே அதைச் செய்தார். பின்னர்ப் பெரிய ஸ்டுடியோவில் முழு இசைக்குழுவோடு முயன்றும் அந்த ஒலிநாடாவின் உயிர் வரவில்லை. இறுதியில் அந்த நாடாவே ‘நெப்ராஸ்கா’ என்னும் தொகுப்பாக அதே ஆண்டில் வெளிவந்தது. அதில் கேட்கும் நாடா இரைச்சலுக்காக யாரும் அதை ஒதுக்கிவிடவில்லை.

மறுதரப்பின் வாதத்தில் நியாயமே இல்லையா? இருக்கிறது. மலிவு மிக்சர்கள் பலவும் யூஎஸ்பி வழியே கணினிக்கு அனுப்புவது கலந்து முடித்த இரண்டு தடங்களை மட்டுமே. நான்கு பேரை நான்கு ஒலிவாங்கிகளில் பதிந்தாலும் பிறகு அவர்களைத் தனித்தனியே பிரித்தெடுக்க இயலாது. ஆயினும் வழியுண்டு. பாடுபவரை முழுக்க இடப்புறமும் உடுக்கையையோ கேள்வி கேட்பவரையோ முழுக்க வலப்புறமும் திருகி வைத்தால் இருவரும் தனித்தனித் தடத்தில் அமைவர். கள ஆய்வில் பெரும்பாலும் நமக்குத் தேவைப்படுவது இந்த இரண்டு தடங்கள்தாமே!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கெயின் குமிழைக் கடைசிவரை திருகினால் எந்த மலிவுப் பெட்டியும் இரையத்தான் செய்யும். ஆகவேதான் வாயருகே ஒலிவாங்கி வேண்டும் என்கிறேன். உச்சக் குரலிலும் கணினியின் அளவுகோல் −12ஐ ஒட்டி நின்றால் போதும்; எதிர்பாராத ஓங்காரத்துக்கு இடமிருக்கும். பெட்டியில் ‘எக்கோ’ குமிழ் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். நம் மேடைகளைப் பிடித்த அந்தப் பேய், பதிவில் ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு எந்த மந்திரத்துக்கும் இறங்காது.

“கைபேசி இருக்கையில் இதெல்லாம் எதற்கு?” என்று கேட்கும் இளைஞர்களுக்கும் விடை உண்டு. எதுவுமே இல்லாத இடத்தில் கைபேசியிலாவது பதிவு செய்யுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கைபேசிகள் பலவும் ஒலியளவைத் தாமாகவே ஏற்றி இறக்கக் கூடியவை. தாழ்ந்து விம்மித் திடீரென வெடிக்கும் ஒப்பாரியின் ஏற்றத்தாழ்வு அதில் சமன்பட்டுப் போகும். துயரத்தைச் சமன்படுத்தும் உரிமையை ஓர் இயந்திரத்துக்கு யார் கொடுத்தது? மிக்சரில் அந்த அளவை முடிவு செய்வது மனிதனின் விரல்.

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ போன்ற நூல்கள் இல்லையேல் அச்சொற்களும் நம்மைவிட்டுப் போயிருக்கும். அவ்வுழைப்பை வணங்குகிறேன். எனினும் அச்சில் வந்தது சொல் மட்டுமே. எந்த அசையில் பாடுபவர் மூச்சு வாங்கினார், எவ்விடத்தில் குரல் உடைந்தது, ‘ஏ’ என்னும் நெடில் எத்தனை மாத்திரைக்கு நீண்டது என்பதையெல்லாம் தாள் தாங்காது. அளபெடைக்கு வகுப்பில் நூற்பா சொல்லிக் கொடுக்கிறோம்; அளபெடையோடு வாழும் குரலைத் தெருவில் விட்டுவிட்டு வருகிறோம்.

உ.வே. சாமிநாதையர் செல்லரித்த சுவடிகளைத்தான் தேடித் தொகுத்தார். எழுத்து தேய்ந்த ஏடு, முறிந்த ஏடு, முதலும் முடிவும் அற்ற ஏடு எனக் கிடைத்ததையெல்லாம் ஒப்புநோக்கியதால்தான் 1887இல் சீவக சிந்தாமணி அச்சேறியது. குறையுள்ள சுவடி இருந்தால் பதிப்பாசிரியனுக்கு வேலை உண்டு. சுவடியே இல்லையென்றால் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. மெல்லிய இரைச்சலோடு கூடிய பதிவும் அத்தகைய சுவடியே. இரைச்சலைக் குறைக்க இன்று மென்பொருள்கள் இருக்கின்றன. நாளை இன்னும் நல்லவை வரும். பதியப்படாத குரலை மீட்கும் மென்பொருள் ஒருகாலும் வரப்போவதில்லை.

ஆகவே, கருவிப் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, கைக்கெட்டும் விலையில் ஒரு மிக்சரை வாங்குங்கள். வாங்க இயலாதோர் நால்வர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடுங்கள். ஒரு துறைக்கு ஒன்று என்று கல்லூரிகளிலும் வாங்கலாம். ஒரு கருத்தரங்கின் பொன்னாடைச் செலவு அதற்குப் போதும். மறுத்து எழுத விரும்புவோர் தாராளமாக எழுதலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு முதியவரிடம் சென்று, ஒரு பாடலையேனும் பதிவு செய்துவிட்டு வந்து எழுதுங்கள்.