முத்துநகரில் சிப்பி தேடுகிறவர்களுக்கு

ரயிலுக்குப் பெயர் முத்துநகர் எக்ஸ்பிரஸ். ஊரில் திரும்பின பக்கமெல்லாம் முத்துநகர் போர்டு. ஆனால் தூத்துக்குடிப் பார்களில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல்! இன்னும் எத்தனை வருஷம் இந்தப் பெயரை வைத்தே ஓட்டுவோம்?

லீவுக்கு வரும் நண்பர்கள் வேறு, "படகில் போய் சிப்பி அள்ளி வந்து, எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே சாப்பிடலாமா?" என்கிறார்கள். சாப்பிடலாம், வயிறு உங்களுடையது. சிப்பி மணிக்குப் பல லிட்டர் தண்ணீரை வடிகட்டித்தான் இரை எடுக்கிறது. தண்ணீரில் சாக்கடை கலந்தால் அந்தக் கிருமியும் அதன் வயிற்றில்தான். ஃப்ரெஷ்ஷாக இருப்பது வேறு, சுத்தமாக இருப்பது வேறு. நம் பக்கிள் ஓடை பல காலமாகக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பன்னீரையா?

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சாப்பிடும் சிப்பியை வளர்க்கும் முறையை 1970-களில் உருவாக்கியதே தூத்துக்குடியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம்தான். பிடித்த சிப்பியைச் சுத்தமான கடல்நீர்த் தொட்டியில் விட்டு, வயிற்றுக் கழிவு வெளியேறிய பிறகு விற்கும் முறையும் அவர்களுக்குத் தெரியும். பிடித்துக்கொண்டது யார்? கேரளா. அஷ்டமுடிக் காயலில் பெண்கள் குழுக்கள் வெறும் ஓடுகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு, சிப்பி வளர்த்துக் காசு பார்த்தார்கள். இங்கே கண்டுபிடித்ததை அங்கே விளைவித்தார்கள். நமக்கு போர்டு மிச்சம்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் பாலம், பூங்கா எல்லாம் அப்புறம் கேட்கலாம். கடலில் விழும் சாக்கடைக்கு என்ன வழி என்று முதலில் கேளுங்கள்.