குலப்பெயரின் யோக்கியதை

குலப்பெயர் என்பது இரத்தத்தோடு பிறந்ததென்றும், அது பரம்பரையின் அழியாத அடையாளமென்றும் பெருமை பேசுகின்றவர்கள் எல்லாத் தேசங்களிலும் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் வியத்நாம் மக்களுடைய பெயர்களின் சரித்திரத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டுகிறோம்.

அந்நாட்டில் முதலில் குலப்பெயரும், நடுவில் இடைப்பெயரும், கடைசியில் சொந்தப் பெயரும் வரும். குலப்பெயர்களில் நுயென் என்பதே மிகுதி. பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் மூன்று பேருக்குக் குறையாமல் நுயென் என்பார்கள். இத்தனை கோடிப் பேரும் ஒரே பாட்டனுக்குப் பிறந்தவர்களா என்று கேட்கின்றோம். ஒருக்காலும் இல்லை. லி வம்சத்தாரின் சிம்மாசனம் 1225-ல் த்ரான் வம்சத்தார் கைக்குப் போயிற்று. 1232-ல், லி என்னும் குலப்பெயருடையோர் அதை விட்டு நுயென் என்று வைத்துக்கொள்ள வேண்டுமென்று உத்தரவு பிறந்தது. புதிய அரசருடைய பாட்டனார் பெயரும் லி. ஆதலால் அதை மற்றவர்கள் வைத்திருக்கக் கூடாதாம்! பழைய வம்சத்தின் நினைவை மக்களிடமிருந்து துடைப்பதற்கு இது நல்ல சாக்காயிற்று.

பின்வந்தவர்களும் சளைத்தவர்களல்லர். தென்பகுதியை ஆண்ட நுயென் ஹுவாங் என்பவருடைய பெயரைச் சொல்லலாகாதென்று, அங்கே ஹுவாங் குலத்தார் ஹுயின் குலத்தாரானார்கள். 1841-ல் பட்டத்துக்கு வந்த தியூ த்ரி அரசரின் தாயார் பெயர் ஹுவா. அச்சொல்லுக்குப் பூ என்று பொருள். அதற்காக ஹுவே நகரத்தில் டோங் ஹுவா என்றிருந்த சந்தையின் பெயர் டோங் பா என்று மாறிற்று. பூவைப் பூவென்று சொல்லவும் பயப்பட வேண்டிய ராஜ்யத்தில் மனிதனுடைய பெயருக்கு என்ன காவல்?

ஜனங்களோ காரியத்தில் புத்திசாலிகள். குலப்பெயரால் ஆளை அடையாளங் காண முடியாதென்பதால் சொந்தப் பெயரையே சொல்லி அழைக்கிறார்கள். வோ நுயென் கியாப் என்ற பெயர்பெற்ற தளபதியும் அவர்களுக்குத் தளபதி கியாப்தான். கலியாணமான ஸ்திரீ புருஷனுடைய குலப்பெயரைச் சுமக்கும் வழக்கமும் அங்கில்லை. பிறந்த பெயரோடேயே வாழ்கிறாள். இதனால் எந்தக் குடும்பம் குடிமுழுகிப் போயிற்று?

ஆனால் பிள்ளைக்குப் பெயரிடுகையில் மட்டும் தகப்பன் குலமே முன்னே வந்து நிற்கிறது. 2015-ம் வருஷத்துச் சிவில் சட்டம், பெற்றோர் இருவரும் ஒப்புக்கொண்டால் தாயின் குலப்பெயரையும் இடலாம் என்கிறது. ஒப்புதல் இல்லையேல் வழக்கப்படி என்றும் கூறுகிறது. வழக்கமென்றால் பெரும்பாலும் தகப்பன் பெயர் என்றே அர்த்தம். பத்து மாதம் சுமந்தவள் சம்மதம் கேட்டு நிற்க, மற்றவனுக்கு வழக்கமே சம்மதமாகிவிடுகிறது!

அரசர்களின் ஆணவத்துக்காக ஒரே உத்தரவில் மாறிய குலப்பெயர், பெற்றவளின் உரிமைக்காக மாறினால் மட்டும் பரம்பரை அழிந்துவிடுமா? அழியுமென்பவர்கள், 1232-ல் அழிந்தது என்னவென்று முதலில் சொல்லட்டும்.