காட்டுக்கோழி உள்ளதும் இல்லாததும்

முடிவைச் சொல்லிவிடும் நண்பரைப் பற்றி இந்தப் பத்தியில் ஏற்கெனவே அழுதிருக்கிறேன். படம் வெளியான அன்று சாயங்காலத்துக்குள் வில்லன் யாரென்று போன் போட்டுச் சொல்வாரே, அவரேதான். அதை ஒரு பொதுச்சேவையாகவே செய்து வருகிறார். இந்த வாரம் வீட்டுக்கு வந்தவரின் கண்ணில் ஸ்வீடன் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெலின் ‘ஐந்தாவது பெண்’ பட்டுவிட்டது. நான் பலமுறை படித்த நாவல். முதல்முறையாகப் படிக்கட்டும் என்று தங்கை மகளுக்காக எடுத்து வைத்திருந்தேன். கூரியருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதற்குள், “கொன்னது ஒரு பொம்பளைம்மா” என்று அவளிடம் முடித்துவிட்டார்.

இந்தக் குற்றத்துக்குத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு கிடையாது. சட்டம் கைவிட்டதால் நாமே ஏதாவது செய்தால் என்ன என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. கையில் காபி டம்ளர் இருந்ததால் தப்பினார்.

ஆனால் மான்கெலிடம் அவருடைய பாச்சா பலிக்காது. 1993-ல் அல்ஜீரியாவில் நான்கு கன்னியாஸ்திரிகள் கொல்லப்படுகிறார்கள். அன்றிரவு அங்கே தங்கியிருந்த ஒரு ஸ்வீடன் நாட்டுப் பெண்ணும் சாகிறாள். அந்த ஐந்தாவது சாவு மட்டும் மறைக்கப்படுகிறது. மகளுக்கு ரகசியமாக ஒரு கடிதம் போகிறது. அவள் கொல்லக் கிளம்பிவிட்டாள் என்பது நமக்குத் தொடக்கத்திலேயே தெரியும். ஸ்வீடனின் யிஸ்டாட் நகர போலீஸுக்குத்தான் தெரியாது. அவர்கள் ஓர் ஆணைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இவர்களுக்கு எப்போது உறைக்கும் என்பதுதான் நாவலின் விறுவிறுப்பே.

1994 இலையுதிர்காலம். பறவை பார்ப்பதும் கவிதை எழுதுவதுமாக இருந்த முன்னாள் கார் வியாபாரி, பள்ளத்தில் நட்டுவைத்த கூர்மூங்கில்களில் செருகிக் கிடக்கிறார். ஆர்க்கிட் பித்துப் பிடித்த பூக்கடைக்காரர் காட்டில் மரத்தோடு கட்டப்பட்டுக் கிடக்கிறார். பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர் சாக்குக்குள் வைத்துக் கட்டப்பட்டு ஏரியில் மிதக்கிறார். எல்லோரும் கௌரவமானவர்கள், அவர்கள் வீட்டுக்குள் பெண்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் வேறு கதை. கார் வியாபாரியின் நிலத்தைத் தோண்டினால், 1967-ல் காணாமல்போன போலந்துப் பெண்ணின் எலும்புகள் கிடைக்கின்றன. (தங்கை மகள் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை.)

“அவ செஞ்சது நியாயந்தானே சார்?” என்றார் நண்பர். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மான்கெல் இங்கே ஒரு விஷமம் செய்திருக்கிறார். இதே நாவலில் கிராமத்து ஆண்கள் சிலர், போலீஸை நம்பிப் பயனில்லை என்று தாங்களே காவல்படை அமைக்கிறார்கள். சட்டத்தைத் தாங்களே கையிலெடுக்கலாம் என்ற எண்ணம் ஊரில் பரவுகிறது. அந்தச் சூட்டில், போலீஸ்காரர் மகள் என்பதற்காகவே ஒரு சிறுமி பள்ளியில் அடி வாங்குகிறாள். கொலைகாரிக்குக் கைதட்டிய வாசகர் இந்தக் காவல்படையைப் பார்த்து முகம் சுளிக்கிறார். இரண்டு தரப்பும் சொல்லும் காரணம் ஒன்றுதான்.

இதை இன்னும் விரித்து எழுதலாம். ஆனால் இந்த முறை படித்தபோது என்னைப் பிடித்து உட்கார வைத்தது கொலைகள் அல்ல, துப்பறியும் வாலண்டரின் அப்பா. ஆயுள் முழுக்க ஒரே இயற்கைக் காட்சியை வரைந்தவர். சில படங்களில் காட்டுக்கோழி உண்டு, சிலவற்றில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மகன் போலீஸில் சேர்ந்ததை அவர் மன்னிக்கவே இல்லை. நாவலின் தொடக்கத்தில் இருவரும் ரோமுக்குப் போய்த் திரும்பியிருக்கிறார்கள். இருவருக்குள்ளும் அதிசயமாகச் சண்டையில்லாமல் கழிந்த நாட்கள் அவை. அங்கே ஓர் இரவு அப்பா சொல்லாமல் விடுதியை விட்டு வெளியேறுகிறார். மகன் பின்தொடர்கிறார், குற்றவாளியைத் தொடர்வதுபோல ஒளிந்து ஒளிந்து. கிழவர் ஸ்பானியப் படிக்கட்டுகளில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். என்ன நினைத்தாரோ! மகன் கேட்கவில்லை. ஊர் திரும்பியதும் கொலைகள் வந்துவிடுகின்றன. விசாரணைக்கு நடுவே அப்பா போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

முன்பின் தெரியாத மூன்று பேரின் மேஜை, டைரி, பணம், படுக்கையறை எல்லாவற்றையும் வாலண்டர் துழாவுகிறார். இந்த மனிதன் வீட்டில் எப்படி இருந்தான் என்று ஊரெல்லாம் போய்க் கேட்கிறார். பெற்ற அப்பனிடம் ஒரு வார்த்தை கேட்க நாக்கு எழவில்லை. அந்த மூவரோடு வாழ்ந்த பெண்களிடமும் எவரும் எதுவும் கேட்டதில்லை. ஆணின் பிணம் விழுந்த பிறகுதான் விசாரணை தொடங்குகிறது. பெண்ணின் எலும்பு கிடைப்பதே அதன் உபயத்தில்தான். நாவல் கூண்டில் ஏற்றுவது கொலைகாரியை அல்ல, இந்தக் கேளாமையை.

நாவல் வந்தது 1996-ல். வீட்டுக்குள் நடப்பதைக் கேட்க, 1998-ல் ஸ்வீடன் ஒரு புதுக் குற்றத்தைச் சட்டத்தில் சேர்த்தது. நெருங்கிய உறவில் ஓர் ஆண் பெண்ணுக்கு எதிராகத் திரும்பத் திரும்பச் செய்யும் வன்முறைகளை, ‘சின்ன அடிதானே’ என்று தனித்தனியாகத் தள்ளாமல், சேர்த்து ஒரே பெருங்குற்றமாகப் பார்க்க வழி பிறந்தது. நாவலால் வந்த சட்டமல்ல. பெண்கள் மீதான வன்முறையை ஆராய 1993-லேயே அமைக்கப்பட்ட குழு போட்ட விதை. கூர்மூங்கிலைவிட மெதுவாகத்தான் சட்டம் வேலை செய்யும். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளையைப் போட்டு அடிக்காது.