தானாகப் போகவைக்கும் திட்டம்

அலுவலகத்தில் ஊழியர்கள் நிம்மதியிழந்து தவித்தால், பழி ஒரு கடுகடுப்பான மேலாளர் தலையில் விழும். இல்லையென்றால், அந்த ஊழியருக்கே மனவலிமை இல்லை என்பார்கள். பிரான்ஸ் டெலிகாமில் நடந்தது இந்த இரண்டு விளக்கங்களையும் பொய்யாக்கியது.

அரசுத் தொலைபேசித் துறையிலிருந்து பிறந்த நிறுவனம் அது. பெரும்பாலோர் அரசு ஊழியர் தகுதி கொண்டவர்கள் என்பதால், பணிநீக்கம் செய்ய வழியில்லை. ஆனால், 2006-ல் வகுத்த திட்டப்படி மூன்று ஆண்டுகளில் 22,000 பேர் வெளியேற வேண்டும், 10,000 பேர் வேறு பணிக்கு மாற வேண்டும். ஜன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ ஆட்களை அனுப்பியே தீருவேன் என்று மூத்த அதிகாரிகளிடம் சொன்னார் தலைவர் திதியே லொம்பார்.

தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவது என்பார்களே, அதையே நிர்வாக முறையாக்கினார்கள். லைன் பழுது பார்த்துவந்தவரைக் கால் சென்டரில் உட்காரவைத்து, திரையில் இருப்பதை வாசிக்கச் சொன்னார்கள். சிலருக்கு மேசை இருந்தது, வேலை இல்லை. மேலாளர்களுக்கான பயிற்சி வகுப்பில், உற்றாரைப் பறிகொடுத்தவர் மறுப்பு, கோபம், சோர்வு என்று கடக்கும் துக்கத்தின் படிநிலைகளைக் கோட்டுப்படமாகக் காட்டினார்கள். ஊழியர் உடைந்துபோவார் என்பது மேலே இருந்தவர்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆள்குறைப்பைப் பொறுத்தே மேலாளரின் ஊக்கத்தொகையும் அமைந்தது. நல்லவர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், நெருக்கவேண்டியவர் அவர்தான்.

உள்ளே இருந்தவர்கள் வாய்மூடி இருக்கவில்லை. 2007-லேயே இரண்டு தொழிற்சங்கங்கள் சேர்ந்து, மன அழுத்தத்தையும் கட்டாய இடமாற்றங்களையும் பதிவுசெய்யக் கண்காணிப்பகம் தொடங்கின. நிறுவன மருத்துவர்கள் சிலர் பதவி விலகினார்கள். 2009 ஜூலையில் மார்செய் ஊழியர் ஒருவர், தன் சாவுக்கு வேலை மட்டுமே காரணம் என்று எழுதிவைத்து இறந்த பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

நீதிமன்றம் 39 பேருக்கு நேர்ந்ததை ஆராய்ந்தது. அவர்களில் 19 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். ஊழியர்களை மனரீதியாகத் துன்புறுத்திய வழக்கில் லொம்பாரும் நிறுவனமும் குற்றவாளிகள் என்று 2019 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நிறுவனக் கொள்கையே துன்புறுத்தலாக முடியும், பாதிக்கப்பட்டவரைத் தலைவர் நேரில் அறிந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் உறுதிசெய்தது. யோகா வகுப்பும் உதவி எண்ணும் தந்து கைகழுவும் நிர்வாகங்களுக்கு இனி அந்த மறைவிடம் இல்லை.

தண்டனைதான் நெஞ்சை அறுக்கிறது. லொம்பாரின் ஓராண்டுச் சிறை, 2022-ல் மேல்முறையீட்டில் முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டது. நிறுவனத்துக்கு அபராதம் 75,000 யூரோ; குற்றம் நடந்தபோது சட்டத்தில் இருந்த உச்ச வரம்பே அவ்வளவுதான். 2012-ல் அதை இரட்டிப்பாக்கினார்கள். இத்தனை பெரிய நிறுவனத்துக்கு அதுவும் சில்லறைச் செலவுதான். வருவாயின் விகிதத்தில் அபராதம் விதிக்க இடம் கொடுத்தால்தான், அடுத்த ஆள்குறைப்புத் திட்டத்தில் கையெழுத்துப் போடுமுன் இயக்குநர்கள் இந்த 39 பேரை நினைப்பார்கள்.