பிறவிக்குணமா, வளர்ப்பின் குணமா?

"போட்டி ஆணுக்கு, பொறுமை பெண்ணுக்கு. இது பிறவிக்குணம்!" பெண்ணுக்கு மேற்பதவி மறுப்போர் சொல்லும் சாக்கு இது. பிறவிக்குணந்தானா? நாம் கேட்கிறோம்.

2009-இல் வெளிவந்த ஆராய்ச்சியைப் பாருங்கள், தோழர்களே! வாளியில் பந்தெறியும் ஆட்டம். தனியே எறிந்தால் விழுந்த பந்துக்கெல்லாம் கூலி. எதிராளியோடு மோதி வென்றால் மும்மடங்கு, தோற்றால் வெறுங்கை. எது வேண்டுமென்று ஆடுபவரே சொல்லலாம்.

தான்சானியாவின் மாசாய் மக்களிடம் ஆண் ஆதிக்கம். போட்டியைக் கேட்ட ஆண்கள் நூற்றுக்கு 50, பெண்கள் 26. மேகாலயாவின் காசி இனத்தாரிடம் குடும்பச் சொத்து கடைசி மகளுக்கு. அங்கே பெண்கள் 54, ஆண்கள் 39!

பிறவிக்குணமெனில் ஊருக்கு ஊர் தலைகீழாவது எப்படி? ஓர் ஆராய்ச்சி முடிந்த முடிபன்று. ஆனால் சாக்கு உடைந்தது. நம் வீட்டு மகளிடம் "உனக்கேன் போட்டி?" என்பது இயற்கையா, நாமா?