காணாமல் போன 35 வாட்ச்சுகள்

61-ம் 118-ம் சேர்ந்தால் 179. தம்பானூரில் இருக்கும் என் நண்பரின் அலமாரியிலோ 214 கைக்கடிகாரங்கள். மீதி 35 எங்கே போயின என்பதுதான் இரண்டு நாட்களாக அந்த வீட்டில் நடந்த வழக்கு. திருட்டு எதுவும் நடக்கவில்லை. எல்லா வாட்ச்சுகளும் அலமாரியில்தான் இருந்தன. கம்ப்யூட்டர் பட்டியலில்தான் அவற்றைக் காணவில்லை.

நண்பர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலடிக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. சாவி கொடுக்கும் வாட்ச்சுகளின் மீது, அதிலும் எச்.எம்.டி. மீது, அவருக்குத் தீராத மோகம். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்துப் பெங்களூரில் பிறந்த வாட்ச் அது. 1961-ல் முதல் தொகுதியை நேரு வெளியிட்டார். பிறகு வந்த ஜனதா, பைலட், சோனா, காஞ்சன், கோஹினூர் எல்லாம் இரண்டு தலைமுறையின் கல்யாணப் பரிசுகள். பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவன் கையில் ஒன்று, மாப்பிள்ளை கையில் ஒன்று, ரிட்டயர் ஆகிறவருக்கு ஒன்று. டைட்டனும் குவார்ட்ஸும் வந்தபின் மவுசு குறைந்தது. 2016-ல் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட ஒப்புதல் தந்தது. தயாரிப்பு நின்ற பொருளைத்தான் நாம் தேடித்தேடி வாங்குவோம் என்பதால், பழைய ஜனதாவுக்கு இப்போது தனிச் சந்தையே உண்டு.

வயதாகிறது, பாதியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார் நண்பர். 1975-க்கு முந்தையவை வீட்டோடு இருக்கட்டும், 1975 முதல் வந்தவை விற்பனைக்கு என்று ஒரு கோடு போட்டார். அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பேரன் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான். ஆண்டு என்ற கட்டத்தில் '1975-க்குக் குறைவு' என்று வடிகட்டினால் 61. '1975 அல்லது அதற்கு மேல்' என்றால் 118.

"மெஷின் தப்பாச் சொல்லாது தாத்தா, நீங்கதான் எண்ணினதுல பிசகு" என்றான் பேரன். தாத்தா பார்சல் ஆபீசில் மூட்டை எண்ணியே முப்பது வருஷம் ஓட்டியவர். விடுவாரா?

விஷயம் இதுதான். அந்த 35 வாட்ச்சுகளுக்கும் ஆண்டுக் கட்டம் காலி. தயாரித்த வருஷம் நிச்சயமாகத் தெரியாததால் நண்பர் எழுதவில்லை. காலிக் கட்டம் 1975-க்குக் குறைவுமல்ல, கூடவும் அல்ல. ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970-ல் இன்றைய டேட்டாபேஸ்களுக்கு அஸ்திவாரம் போட்ட கட்டுரையை எழுதினார். அந்த வழியில் வளர்ந்த டேட்டாபேஸ்களில் 'ஆம்', 'இல்லை' தவிர 'தெரியாது' என்று மூன்றாவது பதிலும் உண்டு. வடிகட்டி 'ஆம்' என்று வந்ததை மட்டுமே வெளியே விடும். கேள்வியைத் திருப்பிப் போட்டு '1975-க்கு முந்தையது அல்லாதவை' என்று கேட்டாலும் இந்த 35-ம் வராது. தெரியாது என்பதன் மறுதலையும் தெரியாதுதான்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. குத்துமதிப்பாக '1972' என்று அடித்துவிட்டிருந்தால் அந்த வாட்ச் பட்டியலில் ஜம்மென்று வந்து நின்றிருக்கும். தெரியாததைத் தெரியாது என்று விட்ட நேர்மைக்குத்தான் தண்டனை. அந்த 35-ல் ஒன்று நண்பரின் அப்பா கட்டியிருந்த ஜனதா.

தோண்டத் தோண்ட மற்ற பூதங்களும் கிளம்பின. ஜனதா என்று தேடினால் சில வரும், சில வராது. ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் தெற்கே 'த'வுக்கு டி-யோடு எச் சேர்ப்போம். தம்பானூருக்கே அப்படித்தான். வடக்கே சேர்க்க மாட்டார்கள். நண்பர் ஒரு பக்கத்தில் டயலைப் பார்த்து எழுதியிருந்தார், இன்னொரு பக்கத்தில் கைப்பழக்கத்தில் எச் போட்டிருந்தார். டயலில் இந்தியில் பெயர் இருந்தவற்றை இந்தியிலேயே எழுதி வைத்திருந்தார். மனிதக் கண்ணுக்கு மூன்றும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு மூன்றும் மூன்று ஜாதி.

வாங்கிய ஊரிலும் இதே கதை. 1991-ல் அரசு பெயரை மாற்றும்வரை ஆங்கிலத்தில் டிரிவாண்ட்ரம், அதற்குப் பின் திருவனந்தபுரம். சாலை பஜாரில் ஒரே கடையில் வாங்கிய வாட்ச்சுகள் இரண்டு ஊர்க் கணக்கில் நின்றன. இதற்கு வழி சொன்னது பேரன் அல்ல, தாத்தாதான். குயிலான் கொல்லம் ஆகிவிட்டது, ஆனால் ரயில்வே குறியீடு இன்றும் கியூ.எல்.என். பலகையை மாற்றுவார்கள், குறியீட்டைத் தொட மாட்டார்கள். அதேபோல ஒவ்வொரு மாடலுக்கும் ஊருக்கும் ஒரு குறியீடு, ஒரே ஒரு எழுத்துக்கூட்டல். திருவனந்தபுரம் சென்ட்ரலுக்கு டி.வி.சி. என்பது அவர் தூக்கத்திலும் சொல்லக்கூடியது.

மெஷின் எண் விவகாரம் இன்னும் வேடிக்கை. 0231 என்பது எச்.எம்.டி.யின் பேர்பெற்ற சாவி மெஷின், 17 கல். பேரன் 0231 என்று அடித்ததைக் கம்ப்யூட்டர் எண் என்று எடுத்துக்கொண்டு, முன்னால் இருந்த சுழியை வீண் என்று தள்ளி 231 ஆக்கிவிட்டது. சில வரிசைகளில் எழுத்தாகப் பதிந்து 0231 ஆகவே இருந்தது. ஒன்றைத் தேடினால் மற்றது வராது. அது கூட்டவோ கழிக்கவோ வேண்டிய எண் அல்ல, ஒரு பெயர். பின்கோடு, டெலிபோன் நம்பர் எல்லாம் இந்த வகைதான். அந்தக் கட்டத்தை எழுத்து என்று முதலிலேயே அறிவித்துவிட வேண்டும்.

நம் பேச்சு வழக்கும் காலை வாரும். "ஜனதாவும் பைலட்டும் காட்டுடா" என்றார் தாத்தா. பேரன் 'உம்'மை அப்படியே எடுத்துக்கொண்டு, மாடல் ஜனதாவாகவும் பைலட்டாகவும் இருப்பவை என்று கேட்டான். பதில் பூஜ்யம். ஒரே வாட்ச் இரண்டாக இருக்க முடியுமா? தமிழில் 'உம்' போடுகிற பல இடங்களில் கம்ப்யூட்டரிடம் 'அல்லது' என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒரு வாட்ச் இரண்டாக இருக்கவும் முடியும் என்று ரிப்பேர்காரர்கள் நிரூபித்திருக்கிறார்கள். ஜனதாவிலும் பைலட்டிலும் ஒரே 0231 ஓடியிருக்கிறது. ஒன்றின் டயலை மற்றொன்றில் மாட்டுவது பெரிய காரியமில்லை. பழைய டயலைச் சுரண்டி, கம்பெனி கனவிலும் காணாத நீலத்திலும் சிவப்பிலும் புதுசாக அச்சடித்து விற்பதும் நடக்கிறது. ஆகவே 'மாடல்' என்ற ஒரு கட்டம் போதாது. டயலில் எழுதியிருப்பது என்ன, உள்ளே ஓடுவது என்ன, டயல் ஒரிஜினலா, மறு அச்சா என்று தனித்தனியே வேண்டும். வாங்க வருகிறவர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

ஆண்டுக்கு நாங்கள் கண்ட ஏற்பாடு: ஒரு கட்டத்துக்குப் பதில் மூன்று. 'இதற்கு முன் இல்லை', 'இதற்குப் பின் இல்லை', 'எப்படித் தெரியும்'. மூன்றாவதில் ரசீது, கியாரண்டி கார்டு, பின்மூடியில் பொறித்த தேதி, செவிவழி என்று நாலே சொற்களில் ஒன்று. ஒவ்வொரு வடிகட்டலுக்கும் கீழே வந்தவை எத்தனை, வராதவை எத்தனை, காலி எத்தனை என்று எண்ணி, மொத்தத்தோடு கூட்டிப் பார்ப்பது. இது கம்ப்யூட்டர் சாஸ்திரமே அல்ல, பழைய பார்சல் ஆபீஸ் வழக்கம்.

அப்பாவின் ஜனதாவுக்கு வருவோம். அவர் அதை 1978-ல் சாலையில் பழையதாகத்தான் வாங்கினார், பெட்டிக்குள் துண்டுச்சீட்டு இருக்கிறது. பெங்களூர்த் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது 1962. ஆக, 1962-க்கு முன் இல்லை, 1978-க்குப் பின் இல்லை. நண்பர் போட்ட 1975 கோடு அந்த வாட்ச்சின் நடுவிலேயே போகிறது. வைத்துக்கொள்ளும் பட்டியலிலும் வரும், விற்கும் பட்டியலிலும் வரும்.

"இப்ப இதை எந்தப் பக்கம் தள்றது தாத்தா?" என்று கேட்டான் பேரன். தாத்தா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் புதிதாக ஒரு கட்டத்துக்குத் தலைப்பு அடித்தார்: 'விற்பதற்கல்ல'. நான் கிளம்பும்போது அதில் 9 வாட்ச்சுகள் சேர்ந்திருந்தன. அவற்றில் இரண்டு 1990-க்குப் பின் வந்தவை.